ரயில்வே கேட்டில் நின்ற அரங்கு

கோமதிநாயகத்தின் தங்கச்சி செண்பகவடிவு, அரியநல்லூர் சார்பதிவாளர் ஆபீசில், வீட்டில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, ரேகை வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி சிரித்து முடித்த நேரத்தில், வாகைக்குளத்தில் அவர்களுடைய அப்பா கட்டின வீட்டிலிருந்து அரங்கு கிளம்பி வெளியே வந்தது.

அரங்கு என்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் பட்டாசாலை என்கிற முன்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் இல்லாத சின்ன அறை. நெல்லும் புளியும் நகையும் வைக்கிறது அங்கேதான், ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னால் பெண்கள் பிள்ளை பெற்றது அங்கேதான், வயசுக்கு வந்த பிள்ளையை உட்கார வைத்தது அங்கேதான், வீட்டில் ஆள் நிறைந்திருக்கும்போது யாருக்காவது அழ வேண்டும் என்றால் நெல் எடுக்கிற சாக்கில் போய் அழுதுவிட்டு வருகிறதும் அங்கேதான். அப்படிப்பட்ட அரங்கு, பந்தியின் நடுவில் உட்கார்ந்திருந்த மனுஷி இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிற மாதிரி, இந்தப் பக்கத்துச் சுவரையும் அந்தப் பக்கத்துத் தூணையும் இடிக்காமல், ஒரு ஓடுகூட உதிராமல், புறவாசல் வழியாக நகர்ந்து, குளத்தங்கரை மேலே ஏறி, தார்ச்சாலையில் இறங்கி, இடது ஓரமாக அரியநல்லூரைப் பார்த்து வந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்ததால் அங்கே நின்றது. பாசஞ்சர் ரயில் வர நேரமாகும் என்று டீக்குடிக்கப் போயிருந்தவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது, வைக்கோல் லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவில் அரங்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது, உள்ளேயிருந்து ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டிருந்தது. "முந்திக்கிட்டு வரல, ஒதுங்கித்தான் நின்னுது. நல்ல குடும்பத்து அரங்கு," என்று மினி பஸ் கண்டக்டர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். கேட்கீப்பரைக் கேட்டதற்கு, ரயில் போனதும் கேட்டைத் திறப்பது தன் வேலை, அந்தப் பக்கம் போகிறது மாடா வீடா என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்றார்.

இதையெல்லாம் சொல்கிற நான் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். ஊரில் யார் நிலம் யாருக்குப் போகிறது என்பது அவர்கள் வீட்டுப் பூனைக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடவரும் பெண்களை நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு வருகிற மாதிரி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வருவார்கள். கையெழுத்து முடிந்ததும் அண்ணன்காரன் ஓட்டலில் பூரி வாங்கிக்கொடுத்து, பக்கத்து ஜவுளிக்கடையில் ஒரு சேலையும் எடுத்துக் கொடுப்பான். அதற்குக் கையெழுத்துச் சேலை என்றே எங்கள் ஊரில் பெயர். என்னிடமும் ஒன்று இருக்கிறது, அரக்குக் கலர், முதல் தண்ணீரிலேயே சாயம் போய்விட்டது.

செண்பகவடிவு சேலைப் பொட்டலத்தோடு எங்கள் ஊர் நெசவாளர் தெருவிலுள்ள தன் புருஷன் வீட்டுக்குத் திரும்பியபோது, புழக்கடையில் கக்கூஸுக்கும் துவைகல்லுக்கும் நடுவில் அரங்கு வந்து உட்கார்ந்திருந்தது. அவள் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். முந்தானையால் நிலைப்படியில் ஒட்டியிருந்த சாலைப்புழுதியைத் துடைத்தாள். "வந்துட்டியா," என்று மட்டும் கேட்டுவிட்டு, கோழிக்கு அரிசி போட உள்ளே போனாள்.

நெசவாளர் தெரு அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் வந்து பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்து அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கட்டு, இப்போது யார் இப்படிக் கட்டுகிறார்கள் என்றார்கள். மறுநாள் பாதிப்பேர்தான் வந்தார்கள், அவர்களும் வத்தல் காயப்போட மேற்கூரை வசதிப்படுமா என்று கேட்கத்தான் வந்தார்கள். கிரகப்பிரவேசம் செய்ய வேண்டுமா என்று கேட்டதற்கு, வேறிடத்தில் ஏற்கெனவே செய்து வந்த அறை என்பதால் பால் மட்டும் காய்ச்சினால் போதும் என்று ஐயர் சொல்லிவிட்டார். வீட்டுவரி வசூலிக்கிறவர் நீளம் அகலம் அளந்து, தலையைச் சொறிந்து, பழைய கதவு எண்ணோடு ஒரு 'அ' சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். புருஷன் ஆறுமுகநயினார் சைக்கிள் கடை வைத்திருக்கிறவர். கடவுளாகப் பார்த்து இடம் கொடுத்திருக்கிறார் என்று சொல்லி, பழைய டயர்களையெல்லாம் கொண்டுவந்து அதில் அடுக்கினார்.

வாகைக்குளத்தில் கதை வேறு மாதிரி. அங்கே கூடப்பிறந்தவளிடம் கையெழுத்து வாங்கியவர்கள் தத்தம் அரங்கைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் அரங்கைச் சுற்றி தாம்புக்கயிறு கட்டினார். இன்னொருவர் அதன் வாசலுக்குக் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்தார். மற்றவர்கள் போனை எடுத்தார்கள். தீபாவளிக்குக்கூட அழைக்காத தம்பிமார்கள், "அக்கா, நல்லாருக்கியா, முட்டுவலி தேவலையா," என்று விசாரித்தார்கள். என் தம்பியும் கூப்பிட்டான். "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டு அடுத்தவர் பத்திரத்தை மெஷினில் வைத்தேன்.

கோமதிநாயகத்தின் கஷ்டம்தான் பெரிய கஷ்டம். அவர் வீட்டுப் பட்டாசாலைக்குப் பின்னால் அரங்கு இருந்த இடத்தில் ஆகாசம் தெரிந்தது, அந்த வழியாக ஆடுகள் வந்து போயின. அதைக்கூடத் தகரம் வைத்து மறைத்திருப்பார். ஆனால் அவர் வீட்டை விற்பதற்குப் பேசி முடித்திருந்தார். கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய் இருக்க வேண்டும் என்பது அவருக்கும் அவர் பெண்சாதிக்கும் ஆசை. வாங்குகிறவர் செல்லத்துரை, கல்யாண மண்டபம் கட்டுவதற்காக இடம் தேடியவர். அளக்க வந்த அவர் பத்திரத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பத்திரத்துல அரங்குன்னு போட்டிருக்கு. இங்க அரங்கைக் காணுமே."

"நீங்க எப்படியும் இடிக்கத்தான போறிய?" என்றார் கோமதிநாயகம்.

"இடிக்கது என் இஷ்டம். ஆனா இடிக்கதுக்கு முழு வீடு வேணும்லா? நாளைக்கு அந்த அரங்கு திரும்பி வந்து மணவறையில நின்னுச்சுன்னா நான் என்ன செய்ய?"

அதில் நியாயம் இருந்தது. ஆகவே கோமதிநாயகம் என் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வக்கீல் ரெஜினாவிடம் போனார். ரெஜினா அம்மா தலை நரைக்கிறவரை நிலத்தகராறுகளையே பார்த்தவர். ஆச்சரியப்படுவதற்கு அவரிடம் நேரம் கிடையாது. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட வரப்பையும், செத்தவன் வந்து கையெழுத்துப் போட்ட கிரயத்தையும் பார்த்தவருக்கு, இடம் மாறின அறை ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. சுக்குக் காப்பியை ஆற்றிக்கொண்டே பத்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார்.

"தங்கச்சி சகல பாத்தியத்தையும் விட்டுக் குடுத்திருக்கா. அரங்கும் அதுக்குள்ள அடக்கம். அதனால எங்க நின்னாலும் அது ஒங்க அரங்குதான். அசையாச் சொத்து அசைஞ்சா என்ன செய்யணும்னு சட்டத்துல எழுதல, எழுதினவங்க நெனச்சுப் பாத்திருக்க மாட்டாங்க. ஒங்களுக்கு மூணு வழி. தூக்கிட்டுப் போகலாம். இல்ல, இடிச்சுட்டு, அரங்கே கெடையாதுன்னு எழுதலாம். இல்ல, தங்கச்சிக்கே தானமா எழுதிக் குடுத்துட்டு மிச்ச வீட்டை விக்கலாம்."

"தூக்கிட்டுப் போயிருதேன்," என்றார் கோமதிநாயகம்.

கிரேன் வந்தது. தெருவே கூடிநின்று ஆளாளுக்கு யோசனை சொன்னது. சங்கிலியை மாட்டி இழுத்தபோது அரங்கு அசையவில்லை, கிரேனின் பின்சக்கரம்தான் மேலே எழும்பியது. டிரைவர் இறங்கி வந்து சங்கிலியைக் கழற்றினார். "மனசில்லாத மாட்டை வண்டியில ஏத்தக் கூடாது அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் செண்பகவடிவு ரெஜினா அம்மாவைப் பார்க்க வந்தாள். அண்ணனுடைய வக்கீலிடம் தான் வரலாமா என்று தெரியாமல் மாடிப்படியில் நின்றாள். நான்தான் ஏறு என்று கையைக் காட்டினேன், காகிதம் கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே நானும் ஏறினேன்.

"அது அவரோட அரங்குதாம்மா. ஒன்கிட்ட பொய் சொல்ல முடியாது," என்றார் ரெஜினா.

"நான் கையெழுத்துப் போட்டது தப்பா வக்கீலம்மா?"

"தப்பில்ல. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்."

"என்ன கேக்கணும்?"

"எதுக்குன்னு."

"ரெண்டு பேரு பேர்ல இருந்தா வீட்டுத் தீர்வை கட்டச் செரமமா இருக்கு, ஒரே பேர்ல கெடக்கட்டும், நம்ம வீடு எங்க போவப் போவுதுன்னு அண்ணன் சொன்னான்," என்றாள் செண்பகவடிவு.

ரெஜினா அம்மா பேனாவை மூடி வைத்தார். அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று வந்துவிட்டால் அவர் எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல மாட்டார். வீடு கல்யாண மண்டபத்துக்குப் பேசி முடிந்துவிட்டது என்றார்.

செண்பகவடிவு அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். அவள் அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருந்தது. பேரன் எடுக்கப்போகிற வயசில் அவளுக்கு முதல்முதலாக வந்த கோபம், அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பாவமாகவும் இருந்தது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. "வித்துட்டுப் போறான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வித்தா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்றாள். பிறகு, "ஆனா அந்த அரங்கு எனக்கு வேணும்," என்றாள். அவள் வாயிலிருந்து வேணும் என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

ஒரு வாரம் கழித்துக் காலையில் கோமதிநாயகம் இரண்டு கொத்தனார்களோடும் கடப்பாரைகளோடும் நெசவாளர் தெருவுக்கு வந்தார். தெருக்காரர்கள் சண்டை பார்க்கலாம் என்று சீக்கிரமே குளித்துவிட்டு வந்து நின்றார்கள், நானும் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன். செண்பகவடிவு சண்டை போடவில்லை. கொத்தனார்களுக்குக் காப்பி கொடுத்தாள், அண்ணனுக்குச் சீனி குறைத்துப் போட்டுக் கொடுத்தாள், அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு.

"அண்ணே, இடிக்கது ஒன் உரிமை. வக்கீலம்மா சொல்லிட்டாவ. நான் குறுக்க நிக்க மாட்டேன்," என்றாள். "உள்ள ஒரு தரம் போயிட்டு வந்து இடி. அம்மை ஒன்னையும் அங்கதான் பெத்தா."

கோமதிநாயகம் டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுக் குனிந்து உள்ளே போனார். டயர்களைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொத்தனார்கள் நிழலுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். வெயில் துவைகல்லுக்கு வந்தது, துவைகல்லைத் தாண்டியது. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. உள்ளே என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஜன்னல் இல்லாத அறை, நாங்கள் எட்டிப் பார்க்கவும் இல்லை. தெருவில் ஒருத்தர்கூடப் பேசவில்லை என்பதுமட்டும் எனக்குத் தெரியும், அந்தத் தெருவுக்கு அது சாதாரணமான காரியம் இல்லை.

வெளியே வந்தபோது அவர் சட்டையெல்லாம் நெல் உமியாக இருந்தது, கண் சிவந்திருந்தது. கொத்தனார்களைப் பார்த்து, போங்கப்பா என்றார். தங்கச்சியைப் பார்க்காமல் அறையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீயே வச்சிக்க. ஒனக்குத்தான். யாரு கேக்கப் போறா?"

"எழுதிக் குடு," என்றாள் செண்பகவடிவு.

"அண்ணன் சொன்னாப் போதாதா?"

"வாயால குடுத்தது எனக்கு நெறய கெடைச்சிருக்கு அண்ணே. அப்பா வாயால குடுத்தாரு, அம்மை வாயால குடுத்தா, நீயும் குடுத்த. ஒண்ணையும் கையில எடுத்துப் பாத்ததில்ல. இதை எழுதிக் குடு."

அவள் குரல் உயரவே இல்லை. அண்ணனுக்கு அது கன்னத்தில் அடியாக விழுந்திருக்க வேண்டும், சட்டையிலிருந்த உமியைத் தட்டினார். பிறகு, "சரி, வக்கீலம்மா கிட்ட போவோம்," என்றார்.

ரெஜினா அம்மா தானசெட்டில்மென்ட் பத்திரத்துக்கு ஏற்பாடு செய்தார். எழுத உட்கார்ந்த பத்திர எழுத்தர் பூதப்பாண்டி நான்கெல்லை என்ன போடுவது என்று பேனாவைக் கடித்தார். வடக்கே துவைகல், தெற்கே கக்கூஸ், கிழக்கே அடுத்த வீட்டுச் சுவர், மேற்கே நடைபாதை என்று ரெஜினா அம்மா சொல்லச்சொல்ல எழுதினார். அப்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. அரங்கு அண்ணனுடையது, அது நிற்கிற மண் புருஷனுடையது. அந்த மண்ணையும் அவள் பெயருக்கு எழுதாவிட்டால் அவளுக்குச் சுவர் இருக்கும், தரை இருக்காது.

ஆறுமுகநயினாருக்கு இது பிடிக்கவில்லை. "எதுக்கு ரெண்டு பத்திரம்? மச்சான் அரங்கை என் பேர்ல எழுதிட்டாப் போச்சு. அவ எம் பொண்டாட்டிதான? நான் என்ன வெளிய தள்ளவா போறேன்?" என்றார். செண்பகவடிவு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் அரங்கு தெருவைப் பார்த்து ஒரு சாண் நகர்ந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு சாண். அதற்கும் மறுநாள் அவருடைய டயர்கள் அத்தனையும் வாசலுக்கு வெளியே பெரிது சிறிதாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. "நீதான் எடுத்து வச்சியா?" என்று கேட்டார். "நான் எங்க எடுத்தேன், எனக்கு இடுப்புவலி," என்றாள். அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஆதார் அட்டையைத் தேட ஆரம்பித்தார்.

இரண்டு பத்திரமும் ஒரே நாளில் பதிவாயின. கடைசி நேரத்தில் ரெஜினா அம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: மேற்படி அரங்கு தன் விருப்பத்தின்பேரில் எப்போதாவது இடம் பெயர்ந்தால், பெயர்ந்து நிற்கும் இடத்திலும் அது மேற்படி செண்பகவடிவுக்கே பாத்தியம். சார்பதிவாளர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். அவரும் ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டுக்குப் போன பெண்தான். ஆட்சேபணை இல்லை என்று சொல்லி முத்திரை வைத்தார்.

ரேகை வைக்கிற நேரம் வந்தது. போன தடவை கையெழுத்துக்குத்தானே அது கிளம்பியது, இந்தத் தடவை எங்கே கிளம்புமோ என்று நெசவாளர் தெருவில் ஆளை நிறுத்தியிருந்தோம். அரங்கு அசையவில்லை, கோழி முட்டையிட்டதாகத்தான் போனில் தகவல் வந்தது. அந்தப் பத்திரத்தைக் காட்டி, அரங்கு நீங்கலாக மீதி வீட்டைச் செல்லத்துரைக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டு, கோமதிநாயகம் கோயம்புத்தூருக்குப் போனார். பஸ் ஏறுவதற்கு முன் தங்கச்சி வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், அரங்குக்குள் போகவில்லை.  அவள் கோபம் முழுதும் தீர்ந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது, சோறு மட்டும் இரண்டாம் தடவையும் பரிமாறினாள்.

அசல் பத்திரம் கைக்கு வந்த அன்று செண்பகவடிவு செய்த முதல் காரியம் ஆசாரியை வரவழைத்ததுதான். எங்கள் பக்கத்து அரங்குகளுக்கு வெளிப்புறம் மட்டும்தான் தாழ்ப்பாள். நெல்லுக்கும் நகைக்கும் பூட்டு வேண்டும் என்று தோன்றியதே தவிர, உள்ளே இருக்கிற மனுஷி பூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று கட்டினவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஆசாரிக்கும் சந்தேகம் வந்து, "உள்பக்கமாவா தாயி?" என்று கேட்டார். உள்பக்கந்தான் என்றாள். பித்தளையில் போடச் சொன்னாள்.

பத்திரத்தின் நகல் கேட்டிருந்தாள் என்று சாயங்காலம் நான் எடுத்துக்கொண்டு போனேன். அரங்குக் கதவு சாத்தியிருந்தது. ஆறுமுகநயினார் கடையிலிருந்து வந்து கால் கழுவிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வடிவு, காப்பி?" என்று கேட்டார்.

"பாலு மேடையில இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஒனக்கு உள்ள என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல."

அவர் என்னைப் பார்த்தார், நான் கதவைப் பார்த்தேன். அவர் அடுக்களைக்குப் போனார். அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து சீனியைத் தேடுகிற சத்தம் கேட்டது. நான் கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன், பிறகு தட்டாமல், நகலை நிலைப்படியில் வைத்து அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.